அட்டவணை ஒன்றைத் தனியே காத்தலும் மீட்டலும்

மழைமானி அளவு, மண் பரிசோதனை முடிவு, கால்நடைத் தடுப்பூசிக் கணக்கு, மாணவர் வருகை முதலிய விவரங்கள் முன்னாளில் தடித்த அட்டையிட்ட பதிவேடுகளில் எழுதப்பட்டு வந்தன. இன்று அவற்றுள் பெரும்பகுதி கணிப்பொறியின் தரவுத்தளத்தில் பதியப்படுகிறது. பதிவேட்டில் ஓர் ஏடு கிழிந்தால் இழப்பு அவ்வேட்டோடு நின்றுவிடும். தரவுத்தளத்திலோ, கட்டளை ஒன்றில் ஒரு நிபந்தனையை எழுத மறந்தால் பத்தாண்டுப் பதிவுகள் ஒரு விநாடியில் மறைந்துபோகக் கூடும். இவ்வாறு மறைவது பெரும்பாலும் தரவுத்தளம் முழுவதும் அன்று. ஓர் அட்டவணையோ, அதிலுள்ள சில வரிகளோதாம். அவற்றை மட்டும் மீட்க முற்படும்போது நேரும் இடர்ப்பாடுகள் யாவை, அவற்றைத் தவிர்ப்பது எவ்வாறு என்பன இங்கு ஆராயப்படுகின்றன. அலுவலகங்களில் "பேக்கப்" என வழங்கும் காப்புப் பிரதியை எடுப்பது சில நிமிட வேலையே. அதைத் திரும்பச் சேர்க்கும் வேளையில்தான் பிழைகள் மலிகின்றன. அட்டவணை எதுவும் தனித்து நிற்பதில்லை என்பது மறக்கப்படுவதே அதற்குக் காரணம்.

பிணைந்த அட்டவணைகள்

உறவுமுறைத் தரவுத்தளத்திற்கு அடிகோலியவர் எட்கார் காட் என்னும் விஞ்ஞானி ஆவார். இங்கிலாந்தில் பிறந்து, அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய அவர், 1970-இல் வெளியிட்ட கட்டுரையொன்றில் இம்முறையை விளக்கினார். அதற்காக 1981-இல் அவருக்கு டியூரிங் விருது வழங்கப்பெற்றது. காட் "உறவு" என்று குறித்தது, கணிதப் பொருளில், அட்டவணையையே அன்றி அட்டவணைகளுக்கு இடையேயுள்ள பிணைப்பை அன்று. பலரும் இதைப் பிறழ உணர்கின்றனர். எனினும் மீட்புப் பணியைப் பொறுத்தவரை அப்பிணைப்பே முதன்மையாகக் கருதத் தக்கது.

மழைப்பதிவை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். இந்திய வானிலைத் துறையின் வழக்கப்படி நாள்மழை காலை 8.30 மணிக்கு அளக்கப்படுகிறது. ஒரு மாவட்டத்தில் 40 மழைமானி நிலையங்கள் இருப்பதாக வைத்துக்கொண்டால், அதன் தரவுத்தளத்தில் இரண்டு அட்டவணைகளேனும் அமையும். முதலாவது "நிலையம்". இதில் நிலைய எண், ஊர்ப்பெயர், வட்டம், அட்சரேகை, தீர்க்கரேகை ஆகியவை நிலையத்திற்கு ஒரு வரியாக இருக்கும். இரண்டாவது "நாள்மழை". இதில் வரிசை எண், நிலைய எண், தேதி, மில்லிமீட்டரில் மழையளவு ஆகியவை நாளுக்கு ஒரு வரியாகச் சேரும். பத்தாண்டுகளில் ஒரு நிலையத்திற்கு ஏறத்தாழ 3,650 வரிகளும், மாவட்டம் முழுவதற்கும் ஏறத்தாழ 1,46,000 வரிகளும் சேர்ந்துவிடும்.

நாள்மழை அட்டவணையில் ஊர்ப்பெயர் எழுதப்படுவதில்லை; நிலைய எண் மட்டுமே காணப்படும். அந்த எண் நிலைய அட்டவணையில் உள்ள ஓர் எண்ணாகவே இருத்தல் வேண்டும் என்று தரவுத்தளம் கட்டாயப்படுத்துகிறது. இக்கட்டுப்பாட்டிற்கு அயற்சாவி என்று பெயர். நிலையம் ஒன்று நீக்கப்படும்போது அதன் மழைப்பதிவுகள் என்ன ஆகும் என்பதையும் முன்கூட்டியே விதிக்கலாம். நீக்கலை மறுத்துவிடுவது ஒரு விதி. நிலையத்தோடு அதன் பதிவுகளையும் சேர்த்து நீக்கிவிடுவது மற்றொரு விதி. பின்னது தொடர்நீக்கம் எனப்படும். அமைப்பவர்க்கு வசதியாகத் தோன்றும் இவ்விதி, அளவீட்டுப் பதிவுகளுக்குச் சற்றும் பொருந்தாதது.

இழப்பு நேரும் விதம்

தரவுத்தளத்தில் 17-ஆம் நிலையத்தின் ஊர்ப்பெயர் இருவேறு எழுத்துக்கூட்டலில் இரு இடங்களில் இருப்பதாகக் கருதிய ஊழியர் ஒருவர், புதன்கிழமை காலை 11 மணிக்கு 17-ஆம் எண்ணுள்ள வரியை நீக்கிவிடுகிறார் என்று கொள்வோம். நீக்கப்பட்டது ஒரே ஒரு வரி என்று திரை தெரிவிக்கிறது. தொடர்நீக்கத்தால் உடன் மறைந்த 3,650 வரிகளைப் பற்றிப் பல தரவுத்தளங்களில் அச்செய்தி ஒன்றும் கூறுவதில்லை.

வியாழக்கிழமை காலையில் அந்நிலையத்தின் அளவைப் பதிய முயலும்போது, அவ்வாறொரு நிலையமே இல்லை என்று கணிப்பொறி மறுக்கிறது. வேலை நின்றுவிடக் கூடாதென்று எண்ணிய களப்பணியாளர் அதே ஊருக்கு 41 என்னும் புதிய எண்ணைக் கொடுத்து வியாழன், வெள்ளி ஆகிய இரு நாள் அளவுகளையும் அதில் பதிந்துவிடுகிறார். வெள்ளிக்கிழமை மாலையில்தான் இழப்பு அறியப்படுகிறது. கடைசிக் காப்புப் பிரதி ஞாயிற்றுக்கிழமை இரவு எடுக்கப்பட்டது.

இந்நிலையில் பலருக்கும் முதலில் தோன்றும் எண்ணம், ஞாயிற்றுக்கிழமைப் பிரதியிலிருந்து நாள்மழை அட்டவணையை எடுத்து இருக்கும் அட்டவணையின் மீது அப்படியே வைத்துவிடலாம் என்பதாகும். அவ்வாறு செய்தால் 17-ஆம் நிலையத்தின் பழைய பதிவுகள் திரும்பும் என்பது உண்மையே. ஆனால் மற்ற 39 நிலையங்களில் திங்கள் முதல் வெள்ளி வரை பதிந்த அளவுகள் அழியும். அந்த வாரத்தில் செய்த பழைய பிழைகளின் திருத்தங்களும் அழியும். ஒரு நிலையத்தின் இழப்பு நாற்பது நிலையங்களின் இழப்பாக மாறும். அன்றியும், நிலைய அட்டவணையில் 17 என்னும் வரி இன்னும் இல்லாமையால், திரும்பிய வரிகள் பெற்றோரற்ற பிள்ளைகளாக நிற்கும். அல்லது தரவுத்தளம் அவற்றை ஏற்க மறுக்கும்.

பிரதிகளின் இருவகை

காப்புப் பிரதி இருவகைப்படும். ஒன்று, அட்டவணையின் அமைப்பையும் வரிகளையும் கட்டளைகளாக எழுதிவைக்கும் எழுத்துப் பிரதி. மற்றொன்று, தரவுத்தளத்தின் கோப்புகளை உள்ளவாறே படியெடுத்து, அதன்பின் நிகழும் ஒவ்வொரு மாற்றத்தின் பதிவையும் தொடர்ந்து சேர்த்துவருவது. வணிகக் கணக்கில் பேரேடும் நாளேடும் போன்றவை இவை. பேரேட்டின் பழைய படி ஒன்றும் அன்று முதல் எழுதிய நாளேடு முழுவதும் கையில் இருந்தால், இடைப்பட்ட எந்த நாளின் நிலையையும் திரும்ப எழுதிவிடலாம் அன்றோ?

எழுத்துப் பிரதியைத் தனி அட்டவணை ஒன்றிற்கு மட்டும் எடுக்க இயலும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் பி.ஜி.டம்ப் என்னும் கருவியும், மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் மைஎஸ்க்யூஎல்டம்ப் என்னும் கருவியும் இதற்குப் பயன்படுகின்றன. போஸ்ட்கிரெஸ் கருவி பிரதியெடுக்கத் தொடங்கிய கணத்தின் நிலையையே இறுதிவரை காண்கிறது. இடையில் பிறர் பதிவதை அது தடுப்பதில்லை, அவ்வாறு பதிந்தவை பிரதியில் கலப்பதுமில்லை. மைஎஸ்க்யூஎல்லில் இப்பயனைப் பெறுவதற்கு, ஒரே பரிவர்த்தனையில் பிரதியெடுக்குமாறு கருவிக்குத் தனியே சொல்ல வேண்டும். அதுவும் பரிவர்த்தனை வசதியுள்ள இன்னோடிபி வகை அட்டவணைகளுக்கே பயன்படும். ஆகையால் பிணைந்த இரு அட்டவணைகளை வெவ்வேறு வேளைகளில் தனித்தனியாகப் பிரதியெடுப்பது தகாது. இரண்டையும் ஒரே ஓட்டத்தில், ஒரே கணத்தின் நிலையில் எடுக்க வேண்டும்.

ஓர் அட்டவணையை மட்டும் கேட்டால், அது சார்ந்திருக்கும் பிற பொருள்களைப் பி.ஜி.டம்ப் உடன் எடுப்பதில்லை. ஆகவே அப்பிரதி வெறுமையான தரவுத்தளத்தில் தானாகவே நிலைபெறும் என்பதற்கு உறுதியில்லை என்று அதன் கையேடே எச்சரிக்கிறது. முழுப் பிரதியிலிருந்து ஓர் அட்டவணையை மட்டும் பி.ஜி.ரெஸ்டோர் கொண்டு பிரித்தெடுக்கும்போதும் வரிகள் வரும். அட்டவணையைச் சார்ந்த இண்டெக்ஸ் முதலியவை வாரா.

மைஎஸ்க்யூஎல்டம்ப் எழுதும் கோப்பில் மறைந்துள்ள ஆபத்து இதனினும் பெரிது. வேறு விதமாகச் சொல்லாவிடில், அக்கோப்பு முதலில் அதே பெயருள்ள அட்டவணை இருந்தால் அதை அடியோடு நீக்குமாறு கட்டளையிடுகிறது. அதன் பின்னரே புதிதாக அமைத்து வரிகளைச் சேர்க்கிறது. மேலும், அயற்சாவிச் சோதனையை அது தற்காலிகமாக நிறுத்தி வைக்கிறது. முடிவில் சோதனை மீண்டும் தொடங்கினாலும், இடையில் நுழைந்த வரிகள் திரும்பச் சோதிக்கப்படுவதில்லை. பெற்றோரற்ற வரிகள் ஓசையின்றி உள்ளே அமர்ந்துவிடும். இக்கோப்பைப் பணியிலுள்ள தரவுத்தளத்தில் நேரே ஊற்றுபவர், தாம் மீட்பதாக எண்ணிக்கொண்டே அழிக்கிறார் எனலாம்.

அட்டவணையை விரிதாளில் சேமித்து, அதையே காப்புப் பிரதியாகக் கருதும் வழக்கமும் பல அலுவலகங்களில் உண்டு. மழை பெய்யாத நாளில் அளவு பூஜ்யம். அளக்கப்படாத நாளில் இடம் வெறுமை. இவ்விரண்டும் வேறு. விரிதாளில் யாரேனும் வெற்றிடங்களைப் பூஜ்யத்தால் நிரப்பிச் சேமித்தால், அளக்கப்படாத நாளெல்லாம் மழையற்ற நாளாகிவிடும். பின்னர் இதைக் கண்டுபிடிக்க வழியில்லை. முன்னால் பூஜ்யமுள்ள எண்கள் அதை இழப்பதும் உண்டு. தமிழில் எழுதிய ஊர்ப்பெயர்களுக்கும் இடையூறு நேரும். யூ.டி.எஃப்-8 குறிமுறையில் தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளைக் கொள்ளும். அக்கோப்பை வேறு குறிமுறையில் திறந்து சேமித்தால் பெயர்கள் கேள்விக்குறிகளாக மாறிவிடும்.

மீட்கும் முறை

மேற்கூறிய மழைப்பதிவு இழப்பை எவ்வாறு சரிசெய்வது என்பதை இனிக் காணலாம். முதலாவதாகச் செய்ய வேண்டியது, எதையும் சேர்க்காமல் நிறுத்துவதாகும். 17, 41 ஆகிய எண்களில் பதிவை நிறுத்திவைத்து, பழுதுற்ற இப்போதைய நிலையையும் ஒரு பிரதி எடுத்துக்கொள்ள வேண்டும். பழுதுற்றதற்குப் பிரதி எதற்கு என்று சிலர் வியக்கலாம். திங்கள் முதல் வெள்ளி வரையிலான பிற நிலையங்களின் அளவுகள் இந்நிலையில் மட்டுமே உள்ளன. மீட்பில் தவறு நேர்ந்தால் திரும்பி வருவதற்கு இதுவே இடம்.

பின்னர், ஞாயிற்றுக்கிழமைப் பிரதியைத் தனியானதொரு தரவுத்தளத்தில் திறக்க வேண்டும். பணியிலுள்ள அட்டவணைக்கும் இதற்கும் எவ்விதத் தொடர்பும் இருத்தலாகாது. இவ்வாறு திறந்தபின் 17-ஆம் நிலையத்தின் வரிகளை எண்ணிப் பார்க்க வேண்டும். முதல் தேதி எது, கடைசித் தேதி எது, ஆண்டுவாரியான மழைத்தொகை எவ்வளவு என்பனவற்றைக் கணக்கிட்டு, முன்னர் அச்சான ஆண்டறிக்கை இருப்பின் அதனோடு ஒப்பிடுவது நன்று. எண்ணிக்கை மட்டும் பொருந்துவது போதாது. தொகையும் பொருந்த வேண்டும்.

அடுத்துப் பழைய பிரதியையும் பணியிலுள்ள அட்டவணையையும் வரிக்கு வரி ஒப்பிட்டால் மூன்று வகை வரிகள் வெளிப்படும். பழையதில் இருந்து, இப்போது இல்லாதவை முதல் வகை. இவை 17-ஆம் நிலையத்துக்கே உரியனவாக இருந்தால் மீட்கத் தக்கவை. வேறு நிலையத்தின் வரி ஏதேனும் இவ்வகையில் தென்பட்டால் அது வேண்டுமென்றே நீக்கப்பட்டதா என்று விசாரிக்க வேண்டும். இப்போது இருந்து, பழையதில் இல்லாதவை இரண்டாம் வகை. இவை அவ்வாரத்தில் புதிதாகப் பதிந்தவை, தொடலாகாது. இரண்டிலும் இருந்து அளவு மட்டும் வேறுபடுவன மூன்றாம் வகை. இவை பெரும்பாலும் திருத்தங்களாகவே இருக்கும். எது சரி என்பதைக் கணிப்பொறி கூறாது. அளவெடுத்தவரின் கைப்பட எழுதிய ஏடே கூறும்.

இனிச் சேர்த்தல். இது ஒரே பரிவர்த்தனைக்குள் நிகழ வேண்டும். அதாவது, எல்லாம் நிறைவேறும், அல்லது ஒன்றும் நிறைவேறாது என்ற நிலையில். முதலில் நிலைய அட்டவணையில் 17-ஆம் வரி, அதன் பின்னரே அந்நிலையத்தின் நாள்மழை வரிகள். இவ்வரிசை மாறினால் அயற்சாவி மறுக்கும். அம்மறுப்பு நன்மைக்கே ஆகையால் சோதனையை நிறுத்திவைத்து அதைக் கடக்க முயலக் கூடாது. சேர்ந்த வரிகளை மீண்டும் எண்ணி, தொகை பார்த்து, பொருந்தினால் உறுதி செய்யலாம். பொருந்தாவிடில் பரிவர்த்தனையைக் கைவிட்டால் அட்டவணை முன்பிருந்தவாறே நிற்கும்.

அட்டவணையோடு கட்டிய டிரிக்கர் என்னும் தானியங்கிச் செயல்களையும் முன்னதாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். நாள்மழையில் ஒரு வரி சேர்ந்தவுடன் மாதத் தொகையைக் கூட்டும் செயல் ஒன்று இருந்து, நீக்கத்தின்போது அத்தொகை குறைக்கப்படாமல் இருந்திருந்தால், மீட்பின்போது பத்தாண்டு மாதத் தொகைகளும் இருமடங்காகும்.

வரிசை எண்ணும் தொல்லை தருவது. புதிய வரிகளுக்குத் தானாக எண் கொடுக்கும் எண்ணி, ஞாயிறுக்குப் பின் வெகுதூரம் சென்றிருக்கும். மீட்ட வரிகள் தம் பழைய எண்களையே பெறலாம். அவை காலியாகவே உள்ளன. ஆனால் எண்ணியையும் பிரதியிலிருந்து மீட்டுவிட்டால் அது ஞாயிற்றுக்கிழமை எண்ணுக்குத் திரும்பி, அடுத்துப் பதியும் வரிக்கு ஏற்கெனவே உள்ள எண்ணைக் கொடுக்க முற்படும். மறுநாள் காலை நாற்பது நிலையங்களிலிருந்தும் பதிவு மறுக்கப்படுகிறது என்ற செய்தி வரும்.

41-ஆம் எண்ணில் பதிந்த வியாழன், வெள்ளி அளவுகளை 17-க்கு மாற்றியபின், 41-ஆம் நிலையத்தை நீக்கலாம். இவ்வரிசை தலைகீழானால் தொடர்நீக்கம் அவ்விரு வரிகளையும் விழுங்கிவிடும். களப்பணியாளர் மறுப்புச் செய்தியைக் கண்டவுடன் புதிய எண்ணை உண்டாக்காமல் வியாழனன்றே தெரிவித்திருந்தால், இவ்வேலை தேவைப்பட்டிராது. இழப்பும் ஒரு நாள் முன்னதாகவே அறியப்பட்டிருக்கும்.

எஞ்சுவன திங்கள், செவ்வாய், புதன் ஆகிய மூன்று நாள் அளவுகள். இவை பிரதிக்குப் பின் பதிந்து, நீக்கத்தில் மறைந்தவை. நாளேடு போன்ற மாற்றப் பதிவு சேமிக்கப்பட்டிருந்தால், ஞாயிற்றுக்கிழமைக் கோப்புப் படியை வேறொரு கணிப்பொறியில் வைத்து, புதன் 10.59 மணி வரை மாற்றங்களை மீண்டும் ஓட்டி நிறுத்தலாம். போஸ்ட்கிரெஸ்ஸில் இவ்வசதி 2005-இல் வெளிவந்த 8.0 பதிப்பிலிருந்து கிடைக்கிறது. இதில் ஓர் அட்டவணையை மட்டும் முன்னோக்கி ஓட்ட இயலாது. தரவுத்தளத் தொகுதி முழுவதையும் ஓட்டியபின், வேண்டிய வரிகளை மட்டும் எழுத்துப் பிரதியாக எடுத்து வர வேண்டும். மாற்றப் பதிவு இல்லாவிடில், மழைமானிக்கு அருகே தொங்கும் கையேட்டைத் தவிர வேறு கதியில்லை. கணிப்பொறி வந்துவிட்டதென்று அக்கையேட்டை எழுதாமல் விடுவது தவறு.

பிற தரவுத்தளங்கள்

ஆரக்கிள் தரவுத்தளத்தில், அட்டவணையைச் சற்று முந்திய நேரத்தின் நிலைக்குத் திருப்பும் வசதி 10-ஆம் பதிப்பு முதல் உண்டு. பழைய மதிப்புகள் எவ்வளவு நேரம் உள்ளே தங்கியிருக்கின்றன என்பதைப் பொறுத்தே இது பயன்படும். சில மணி நேரத்துக்குள் கண்ட பிழைக்கு ஏற்றது. 2013-இல் வந்த 12-ஆம் பதிப்பில் முழுப் பிரதியிலிருந்து ஓர் அட்டவணையை மட்டும் மீட்கும் கட்டளை சேர்க்கப்பட்டது. அக்கட்டளை உள்ளே செய்வதும் மேற்கூறியதே: துணைத் தரவுத்தளம் ஒன்றைத் தற்காலிகமாக எழுப்பி, அங்கே மீட்டு, வேண்டிய அட்டவணையை எடுத்துக் கொடுக்கிறது. மைக்ரோசாஃப்ட்டின் எஸ்க்யூஎல் சர்வரில் 6.5 பதிப்பு வரை தனி அட்டவணையை மீட்கும் வழி இருந்தது. 1998-இல் வந்த 7.0 பதிப்பில் அது விடப்பட்டது.

பிரதியைச் சோதித்தல்

திறந்து பார்க்கப்படாத பிரதியைப் பிரதி என்று கணக்கில் கொள்வதற்கில்லை. 2017 ஜனவரி 31-ஆம் நாள் கிட்லேப் என்னும் மென்பொருள் நிறுவனத்தில், முதன்மைத் தரவுத்தளத்தின் கோப்புகள் தவறுதலாக நீக்கப்பட்டன. நாள்தோறும் எழுத்துப் பிரதி எடுக்கப்படுவதாகவே அங்கு நம்பப்பட்டு வந்தது. தேடியபோது பிரதிகள் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. தரவுத்தளம் 9.6 பதிப்பு, பிரதியெடுக்கும் கருவியோ 9.2 பதிப்பு. ஆகவே அது தோல்வியுற்று நின்றுவந்திருக்கிறது. அத்தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. ஏறத்தாழ ஆறு மணி நேரத்திற்கு முன் வேறொரு காரியத்திற்காக எடுத்துவைத்த படி ஒன்று கைகொடுத்தது. இடைப்பட்ட நேரத்தின் பதிவுகள் போயின. இவையனைத்தையும் அந்நிறுவனமே விரிவாக வெளியிட்டது. மாதம் ஒருமுறையேனும் ஏதேனும் ஓர் அட்டவணையைத் தனித் தரவுத்தளத்தில் மீட்டு எண்ணிப் பார்க்கும் அலுவலகத்தில் இத்தகைய பழுது ஒரு மாதத்துக்குமேல் மறைந்திராது.

வகுப்பில் செய்யத் தக்க சோதனை

ஆசிரியர்கள் இதை ஒரே கணிப்பொறியில் காட்டலாம். எஸ்க்யூலைட் என்னும் இலவசத் தரவுத்தளம் இதற்குப் போதுமானது. "மாணவர்", "மதிப்பெண்" என இரு அட்டவணைகளை அமைத்து, இரண்டிலும் முதன்மைச் சாவியும், மதிப்பெண்ணிலிருந்து மாணவருக்குத் தொடர்நீக்கத்துடன் அயற்சாவியும் வைக்க வேண்டும். எஸ்க்யூலைட்டில் அயற்சாவிச் சோதனை பொதுவாக நின்றிருக்கும். ஒவ்வொரு முறையும் தொடக்கத்தில் அதை இயக்கிக்கொள்ளுதல் வேண்டும். இதை மறந்தால் சோதனை முழுவதும் பயனற்றுப் போகும்.

முப்பது மாணவர்க்கு மதிப்பெண் பதிந்தபின், மதிப்பெண் அட்டவணையை மட்டும் டம்ப் கட்டளையால் கோப்பில் எழுதுக. பிறகு 5-ஆம் மாணவருக்கு மேலும் ஒரு தேர்வின் மதிப்பெண்ணைப் பதிந்து, அம்மாணவரின் வரியை மாணவர் அட்டவணையிலிருந்து நீக்குக. அவருடைய மதிப்பெண்களும் உடன் மறைந்திருப்பதை மாணவர்கள் காண்பர். இப்போது கோப்பைத் திரும்பப் படிக்கச் செய்தால், அட்டவணை ஏற்கெனவே உள்ளது என்றும், மற்ற 29 பேரின் வரிகள் முன்பே உள்ளன என்றும் எதிர்ப்புகள் திரையில் தோன்றும். 5-ஆம் மாணவரின் வரிகள் மட்டும் எதிர்ப்பின்றி நுழையும். அம்மாணவர் அட்டவணையில் இல்லாதபோது அவை நுழைந்தது எவ்வாறு? கோப்பைத் திறந்து முதல் வரியைப் படித்தால் விடை கிடைக்கும்: அயற்சாவிச் சோதனையை நிறுத்தும் கட்டளை அங்கே உள்ளது. பின் அயற்சாவிகளைத் தணிக்கை செய்யும் கட்டளையைக் கொடுத்தால் பெற்றோரற்ற வரிகள் யாவும் பட்டியலாக வரும். 5-ஆம் மாணவரின் வரியை மாணவர் அட்டவணையில் சேர்த்து மறுபடியும் தணிக்கை செய்தால் பட்டியல் வெறுமையாகும்.

கடைசியாகப் பதிந்த தேர்வின் மதிப்பெண் எங்கே என்று மாணவர்களைக் கேட்கலாம். அது கோப்பிலும் இராது, அட்டவணையிலும் இராது. விடைத்தாள் கட்டை அவிழ்த்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.